கண்ணாடியில் படகு செய்யலாமா?

சென்ற வாரம் உயிருள்ளவை, உயிரற்றவை பாடத்தைப் பார்த்தோம். தொடக்கப் பள்ளி அறிவியலில் அதை ஒட்டியே வருவது, நம்மைச் சுற்றியுள்ள பொருள்களின் பண்புகளும் பயன்களும் பற்றிய பாடம். எந்த நாட்டுப் பாடநூலைப் பிரித்தாலும் இதன் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பத்தியில் மரம், இரும்பு, கண்ணாடி, ரப்பர், துணி. எதிர்ப்பத்தியில் உறுதியானது, உடையக்கூடியது, இழுத்தால் நீளும், நீரை உறிஞ்சும். கோடு போட்டுப் பொருத்தினால் மதிப்பெண். இங்கிலாந்தின் 2013 பாடத்திட்டம் இன்னும் கொஞ்சம் நுட்பமாகப் போகிறது. ஒரு பண்டம் வேறு, அது ஆகியிருக்கும் மூலப்பொருள் வேறு என்று முதலாண்டிலேயே பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. கரண்டியை மரத்திலும் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்யலாம், கண்ணாடியில் வழக்கமாகச் செய்வதில்லை என்று அடுத்த ஆண்டுக்கான எடுத்துக்காட்டையும் ஆசிரியர் கையில் கொடுக்கிறது. நம் என்.சி.இ.ஆர்.டி.யின் ஆறாம் வகுப்பு நூல், நெடுங்காலம் புழக்கத்திலிருந்த பதிப்பில், டம்ளரை ஏன் துணியால் செய்வதில்லை என்று கேட்டது. கேள்விகளில் குறையில்லை, அவை எதிர்பார்க்கும் விடையில்தான் சிக்கல். கண்ணாடி என்றால் உடையும், துணி என்றால் ஒழுகும் என்று பண்பைப் பெயரோடு சேர்த்துத் தைத்துவிடுகிறோம். ஒரு பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பதில், அது எவ்வளவு தடிமன், எந்த வடிவம், எவ்வளவு சூடு, அதனிடம் என்ன வேலை கேட்கிறோம் என்பவற்றுக்கு உள்ள பங்கு, பெயருக்கு உள்ள பங்கைவிடப் பல நேரங்களில் பெரிது. இதை ஏழு வயதிலேயே சொல்லித்தர முடியும், சொல்லித்தரவும் வேண்டும் என்பது இந்த வாரத்து வாதம்.

கண்ணாடியிலிருந்தே தொடங்கலாம். கண்ணாடியில் படகு செய்யலாமா என்று மூன்றாம் வகுப்பில் கேட்டால், அட்டவணையை மனப்பாடம் செய்த பிள்ளை சிரித்துக்கொண்டே முடியாது என்று எழுதும். திருத்துகிறவரும் சரி போடுவார். பழவேற்காட்டிலிருந்து கன்னியாகுமரி வரை மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளோ கண்ணாடியை நம்பித்தான் கடலுக்குப் போகின்றன. முடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளைப் பாயாகப் பரப்பி, பிசின் ஊற்றி இறுகவைத்த உடல் அவற்றுக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டவை இவைதாம். ஜன்னலில் ஒரு பந்துக்குத் தாங்காத கண்ணாடி அலைக்கு எப்படித் தாங்குகிறது? இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஏ.ஏ. கிரிஃபித் 1921-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. கண்ணாடியின் அணுப்பிணைப்புகள் வலுவானவை. உடைவது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் நுண்கீறல்களால். இழுக்கும்போது விசையெல்லாம் கீறலின் நுனியில் குவிகிறது, விரிசல் அங்கிருந்து ஓடத் தொடங்குகிறது. தடித்த கண்ணாடியில் பெரிய கீறலுக்கு இடமுண்டு. மெல்லிய இழையில் இல்லை. கிரிஃபித் அளந்த மிக மெல்லிய இழைகள், அதே கண்ணாடியின் தடித்த துண்டைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு இழுவிசையைத் தாங்கின. படகில் ஓர் இழை அறுந்தாலும் விரிசல் பிசினில் முட்டி நின்றுவிடுகிறது; அடுத்த இழைக்கு எளிதில் தாவுவதில்லை. மூலப்பொருள் மாறவில்லை, தடிமனும் அமைப்பும்தான் மாறின. அட்டவணையில் உள்ள 'உடையக்கூடியது' என்ற சொல் ஜன்னலுக்குப் பொருந்தும், படகுக்குப் பொருந்தாது.

துணி டம்ளர் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் வட இந்தியாவின் வறண்ட பகுதிகளில் ஜீப்பின் முகப்பிலும் லாரியின் பக்கவாட்டிலும் கித்தான் பையில் குடிநீரைத் தொங்கவிட்டுச் செல்வது ஒரு காலத்தில் சாதாரணக் காட்சி. நெருக்கமாக நெய்த கித்தான் நனைந்ததும் நூல்கள் உப்பி இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். மீதிக் கசிவு வெளிப்பக்கம் ஈரமாகப் படர்ந்து, காற்றில் ஆவியாகி, போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். வண்டி ஓட ஓடத் தண்ணீர் குளிரும். மண்பானையில் நடப்பதும் இதுவே. பானையின் சுவர் நீரைக் கசியவிடுவது ஊறுகாய்க்குக் குற்றம், குடிநீருக்குக் குணம். ஊறுகாய் ஜாடியும் களிமண்தான். அதிகச் சூட்டில் சுட்டு, மேலே கண்ணாடிப் பூச்சு ஏற்றியது. 'களிமண்: நீர் கசியும்' என்று எழுதினாலும் தவறு, 'கசியாது' என்று எழுதினாலும் தவறு. எந்தச் சூட்டில் சுட்டது என்று கேட்காமல் அந்தக் கட்டத்தை நிரப்பவே முடியாது. ரப்பருக்கும் இதே கதைதான். 1823-இல் சார்லஸ் மேக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைக்கோட்டுத் துணிக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்துப் பாடத்திட்டம் அவர் பெயரையும் குறிப்பிடுகிறது. அந்தக் காலத்துக் கோட்டுகள் வெயிலில் பிசுபிசுத்தன, பனியில் விறைத்தன. கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறை வந்த பிறகுதான் நாம் இன்று ரப்பர் என்றதும் நினைக்கிற பொருள் பிறந்தது.

வெப்பத்தில் அட்டவணை இதைவிட மோசமாகத் தடுமாறுகிறது. மார்கழிக் காலையில் இரும்பு பெஞ்சும் மர பெஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இரும்பு குளிர்ச்சியானது என்று பிள்ளை எழுதும். தொட்டதைத்தானே எழுதுகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. தெர்மாமீட்டர் வைத்தால் இரண்டும் ஒரே வெப்பநிலை. கையின் தோல் ஏறத்தாழ 33 டிகிரி. இரும்பு அந்தச் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது, மரம் மெதுவாக. அக்கினி நட்சத்திரத்தில் நிழலிலேயே காற்று 40 டிகிரியைத் தொடும்போது அதே இரும்பு சுடும். மரம் அவ்வளவு சுடாது. சில மாதங்களில் குளிர்ச்சியான பொருள் சூடான பொருளாகிவிட்டதா? கடத்துவது மட்டுமே இரும்பின் குணம். திசையைத் தீர்மானிப்பது காற்றும் கையும். கம்பளி சூடு தரும் என்ற வரியும் இப்படிப்பட்டதுதான். அதே கம்பளியில் ஐஸ் கட்டியைச் சுற்றினால் மெதுவாகவே உருகும். இதை வியாபாரமாகவே நடத்திக்காட்டியவர் பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டியூடர். 1833-இல் அவர் அனுப்பிய டஸ்கனி என்ற கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியோடு கிளம்பி, நான்கு மாதங்கள் வெப்பக் கடல்களைக் கடந்து, கல்கத்தாவில் ஏறத்தாழ 100 டன்னை இறக்கியது. சென்னைக் கடற்கரையில் 1842-இல் அவர் சரக்குக்காக எழுந்த கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். டியூடரின் தொழில் பெரிதும் நம்பியிருந்தது மரத்தூளை. பலகைக்கும் தூளுக்கும் மூலப்பொருள் ஒன்றே. தூள் அதிகமாகக் காப்பது, துகள்களுக்கு நடுவே சிறைப்பட்ட காற்றால். அறுவை ஆலைகள் கழிவென்று தள்ளியது பலகையைவிட நல்ல போர்வையாக இருந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். அறிவியலே அட்டவணைகளால் ஆனதுதானே, அடர்த்தி, உருகுநிலை, வெப்பங்கடத்தும் திறன் எல்லாம் மூலப்பொருளுக்கே உரியவை அல்லவா? உரியவைதாம், மறுக்கவில்லை. செம்பின் வெப்பங்கடத்தும் திறன் ஏறத்தாழ 400 என்றால் அதே அளவுகோலில் எவர்சில்வரின் எண் ஏறத்தாழ 15. அதனால்தான் எவர்சில்வர் பாத்திரத்துக்கு அடியில் செம்பு ஏற்றுகிறார்கள். ஆனால் அந்த எண்கள் எந்த வெப்பநிலையில், எப்படி அளக்கப்பட்டவை என்ற நிபந்தனையோடு வருகின்றன. பள்ளி அட்டவணையில் நிபந்தனை இல்லை. மூலப்பொருளின் குணத்தையும் பண்டத்தின் நடத்தையையும் ஒரே பத்தியில் கொட்டிவிடுகிறோம். இரண்டையும் பிரிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. பொருளைப் பாதியாக வெட்டினால் மாறாமல் இருப்பது மூலப்பொருளின் குணம். மாறுவது பண்டத்தின் குணம். உருகுநிலை மாறாது. எடை, வளையும் தன்மை, எவ்வளவு பாரம் தாங்கும் என்பவை மாறும். அப்படி மாறாத குணம்கூடப் பயனைத் தானாகச் சொல்லிவிடாது என்பதற்கு நம் சமையலறையிலேயே சாட்சி இருக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. (காரீயம் கலந்தது நஞ்சு, வாங்குகிறவர்கள் கவனிக்க.) வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், அடுப்புச் சுடரோ ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அட்டவணையை மட்டும் நம்புகிறவர் அதை அடுப்பில் ஏற்றவே மாட்டார். ஏற்றுகிறவர்கள் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே ஏற்றுகிறார்கள். உள்ளே நீர் இருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது, வரும் வெப்பத்தை ஆவியாக்கிச் செலவழித்துவிடும். சொம்பும் அதை ஒட்டியே நிற்கும். வெறும் சொம்பை வைத்தால் அடி உருகி ஓட அதிக நேரம் ஆகாது. உருகுநிலை இரண்டு வேளையும் 232தான். பாத்திரமாக இருப்பதா உலோகக் குழம்பாவதா என்பதை உள்ளே இருப்பது தீர்மானிக்கிறது.

இரண்டாவது மறுப்பு வகுப்பறையிலிருந்து வரும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு 'ஆனால்'கள் தாங்குமா, முதலில் எளிமையாகச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்தலாமே என்பது. எளிமை, சுருக்கம் இரண்டும் வேறு. 'தாள் உறுதியற்றது' என்பது சுருக்கமான வாக்கியம், ஆனால் பிள்ளை பார்த்த உலகத்தோடு ஒட்டாதது. இரண்டு புத்தகங்களுக்கு நடுவே ஒரு தாளைப் பாலமாக வையுங்கள். ஒரு ரூபாய்க் காசுக்கே தொய்யும். அதே தாளை விசிறிபோல மடித்து வையுங்கள். கைநிறையக் காசைத் தாங்கும். செலவு ஒரு தாள், நேரம் ஐந்து நிமிடம். தகரக் கூரைக்கு ஏன் அந்த நெளிவு என்பதும் அதே ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். இதில் பிள்ளைக்குக் கடினமான பகுதி எது என்று எனக்குத் தெரியவில்லை. கடினம் என்று நாம் சொல்வது விளக்கத்தை. பிள்ளைக்கு வேண்டியது ஒப்பீடு. இது அதைவிட எதில் மேல், எப்போது மேல் என்ற கேள்வியை அது பேச்சு வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பதையும் நான் அவ்வளவு நம்பவில்லை. இரும்பு குளிர்ச்சி, கம்பளி சூடு என்பவை கல்லூரி முடித்தவர்களிடமும் அப்படியே இருக்கின்றன.

பயன் என்ற பகுதிக்கு வந்தால் அட்டவணையின் போதாமை இன்னும் வெளிப்படை. பித்தளைக் குடம் ஏன் போய் பிளாஸ்டிக் குடம் வந்தது? பண்புகளை வரிசையாக எழுதினால் பித்தளை பல இடங்களில் ஜெயிக்கும்: வெயிலில் வெளிறாது, கீழே விழுந்தால் நசுங்குமே தவிர உடையாது, நசுங்கினாலும் தட்டி நிமிர்த்தலாம், பழசானால் எடைக்குப் போடலாம். ஆனால் பித்தளையின் அடர்த்தி நீரைப் போல எட்டரை மடங்கு; பிளாஸ்டிக் குடத்துக்கு எடுக்கும் பாலித்தீன் நீரைவிட லேசானது. தெருக் குழாயிலும் லாரி முன்னாலும் ஐந்தாறு குடங்களை வரிசையில் போட்டு இடம்பிடித்து, நிறைந்ததும் இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடக்க வேண்டிய பெண்ணுக்கு, குடத்தின் எடையும் விலையும்தான் முதல் கேள்வி. திருட்டுப் போனாலும் பதறவேண்டியதில்லை. வேலை மாறியது, தேவைப்பட்ட பண்பும் மாறியது. கல்யாணச் சீர்வரிசையில் இன்னும் பித்தளைக் குடம்தான் வருகிறது. அங்கே குடத்திடம் கேட்கும் வேலை வேறு. மூன்றாம் வகுப்புப் பாடத்தில் இந்த ஒரு குடத்தை வைத்தே அடர்த்தி, உறுதி, விலை, பழுதுபார்ப்பு எல்லாவற்றையும் பேசிவிடலாம். எதிர்ப்பத்தியை நோக்கிக் கோடு இழுக்க வேண்டியதில்லை.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்பது கடைசி மறுப்பு. நாற்பது விடைத்தாளையும் ஒரே இரவில் திருத்த வேண்டிய ஆசிரியருக்கு, ஒரே சரியான விடை வேண்டும் என்பது சோம்பேறித்தனமல்ல. ஆனால் இந்த முறையில் விடை கட்டுக்கடங்காமல் போய்விடாது. 'தண்ணீர் வைக்கத் துணி ஏற்றதா?' என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்பதற்கு ஒரு மதிப்பெண், எப்போது என்று காரணம் சொன்னதற்கு ஒரு மதிப்பெண் என்று பிரித்தால் போதும். கைக்குட்டையில் நிற்காது என்று எழுதியவருக்கும் இரண்டு, நெருக்கமாக நெய்த கித்தானில் நிற்கும் என்று எழுதியவருக்கும் இரண்டு. துணி நீரை உறிஞ்சும் என்று மட்டும் எழுதி நிறுத்தியவருக்கு ஒன்று.