பச்சை அலையை அளந்த கணக்கு

அமெரிக்காவின் நடுப்பகுதியில், டெக்சாஸிலிருந்து வடக்கே கனடா வரை விரிந்து கிடக்கிறது கிரேட் பிளெயின்ஸ் புல்வெளி. வசந்தம் பிறந்ததும் தெற்கே துளிர்க்கும் பச்சை, வாரக்கணக்கில் வடக்கு நோக்கி ஏறிக்கொண்டே போகும். பிறகு புல் காய்ந்து நிலம் பழுப்பாகும். ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயர் 'பச்சை அலை'. எந்த மேய்ச்சல் நிலம் எப்போது பச்சை கட்டும் என்பது மாடு வளர்ப்பவர்களுக்கு முக்கியம். ஆனால் அத்தனை நிலத்தையும் யார் நடந்து பார்ப்பது?

1972 ஜூலையில் நாசா ஏவிய லேண்ட்சாட்-1 செயற்கைக்கோள், சுமார் 900 கி.மீ. உயரத்திலிருந்து 18 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படம் பிடித்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஜான் ரவுஸ் குழு, அந்தப் படங்களைக் கொண்டு அலையை அளக்க முனைந்தது.

இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையோ, இலைக்குள் இருக்கும் செல்களும் காற்று இடைவெளிகளும் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. புல் காயும்போது இந்த வேறுபாடு சுருங்குகிறது. அப்படியானால் அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்தால் போதாதா?

போதாது. செழித்த புல்வெளி ஒன்றில் அகச்சிவப்பு 40, சிவப்பு 8 என்று பதிவாவதாக வைத்துக்கொள்வோம், வித்தியாசம் 32. வெயில் சாய்ந்து ஒளி பாதியானால் 20, 4 என்றாகி வித்தியாசம் 16 ஆகிவிடும். புல் அப்படியே இருக்க, கணக்கு மட்டும் இளைத்துவிடுகிறது. அதனால் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தார்கள். 32-ஐ 48-ஆல் வகுத்தாலும் 16-ஐ 24-ஆல் வகுத்தாலும் விடை 0.67தான். வெறும் மண்ணில் அகச்சிவப்பு 25, சிவப்பு 20 என்றால் விடை 0.11. இதுதான் இன்று உலகெங்கும் புழங்கும் என்.டி.வி.ஐ. எனும் தாவரக் குறியீடு.

குறைகளும் உண்டு. மேகம் மறைத்தால் நிலம் தெரியாது. அடர்ந்த காட்டில் இலை கூடினாலும் எண் அவ்வளவாக ஏறாது. நல்ல தீவனப் புல்லா, மாடு தொடாத களையா என்றும் அது சொல்லாது. அதற்குத் தரையில் இறங்கித்தான் பார்க்கவேண்டும்.

இன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை, 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் தருகின்றன. கணக்கு அதேதான். ஒரு நாளின் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. அதே நிலத்தின் அதே வார எண்களைப் பல ஆண்டுகளுக்கு அடுக்கி வைத்தால், வசந்தம் பிந்தியதா, வறட்சி முந்தியதா என்பது தெரிந்துவிடும்.