வம்புக்காரத் தாத்தாவின் வண்ண வீரர்கள்!

குட்டீஸ்! 88 வயதுத் தாத்தா ஒருவர் என்ன செய்வார்? காலையில் பேப்பர் படிப்பார். மதியம் குட்டித் தூக்கம் போடுவார். ஆனால், இங்கே ஒரு தாத்தா, ஏறக்குறைய ஒரே ஆண்டில் 160-க்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டித் தள்ளியிருக்கிறார்! அவற்றில் பல, உங்கள் வகுப்பறைக் கதவு உயரம் இருக்கும்.

அவர்தான் பாப்லோ பிகாசோ. ஸ்பெயின் நாட்டின் மலகா நகரில், 1881-ல் பிறந்தவர். அப்பா ஓவிய ஆசிரியர். அதனால், சின்ன வயதிலேயே அச்சு அசலாக வரையக் கற்றுக்கொண்டுவிட்டார். அதோடு சும்மா இருந்தாரா? 1907-ல், முகங்களைக் கோணல்மாணலாக வெட்டி ஒட்டியது போல ஓர் ஓவியம் தீட்டினார். பார்த்த நண்பர்களே அதிர்ந்துபோனார்கள். அன்று தொடங்கிய வம்பு கடைசிவரை ஓயவில்லை!

1965-ல் பிகாசோவுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் தெற்குப் பிரான்சில் உள்ள தன் வீட்டில் இருந்தபடி, ரெம்பிராண்ட் போன்ற பழைய மேதைகளின் ஓவியங்களை உற்று உற்றுப் பார்த்தார். கொஞ்ச நாளில், அவருடைய ஓவியங்களுக்குள் புதிய ஆட்கள் வந்து குதித்தார்கள். தலையில் தொப்பி, முறுக்கு மீசை, இடுப்பில் வாள், வாயில் நீளமான புகைக்குழாய்! பல நூறு ஆண்டுகளுக்கு முன் மன்னருக்குக் காவல் நின்ற 'மஸ்கடியர்' வீரர்கள்தான் அவர்கள்.

1970 மே மாதம், பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் கண்காட்சி தொடங்கியது. இடம், 14-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் வாழ்ந்த அரண்மனையின் தேவாலயம். வெறும் கல்சுவர்; அதில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பளீரென்ற ஓவியங்கள். சிலவற்றில் வண்ணம் வழிந்திருந்தது. சில இடங்களில் துணியின் வெள்ளையே தெரிந்தது.

வந்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். "தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது போல" என்பது மாதிரியான பேச்சு. பிகாசோவின் பழைய ஓவியங்களை ஆசையாகச் சேகரித்த டக்ளஸ் கூப்பரே, பின்னாளில் 'சாகப்போகிற கிழவரின் கிறுக்கல்' என்கிற பொருளில் எழுதினார். பாவம், பழைய நண்பரே இப்படிச் சொன்னால்?

உண்மையைச் சொன்னால், எனக்கும் முதலில் கிறுக்கலாகத்தான் தெரிந்தது. பிறகுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. ஒவ்வொரு ஓவியத்தின் பின்பக்கமும் பிகாசோ தேதி எழுதுவார். ஒரே நாளில் இரண்டு, மூன்று வரைந்தால் வரிசை எண்ணும் போடுவார். நாம் டைரி எழுதுவதுபோல, அவர் ஓவியம் எழுதியிருக்கிறார்! மெருகேற்ற நேரம் ஏது? சொல்ல நினைத்தது இன்னும் நிறைய இருந்ததே.

அழகாக வரையத் தெரியாமல் அப்படி வரையவில்லை அவர். குழந்தைகளின் ஓவியக் கண்காட்சி ஒன்றைப் பார்த்தபோது, 'இந்த வயதில் நான் மேதை ரஃபேலைப் போல வரைந்தேன். இவர்களைப் போல வரையக் கற்க வாழ்நாள் முழுவதும் ஆனது' என்று சொன்னாராம். உங்களைத்தான் சொல்கிறார்!

1973 ஏப்ரல் 8-ல், 91-ஆம் வயதில் பிகாசோ காலமானார். அடுத்த மாதமே, அதே அரண்மனையில் அவருடைய இன்னும் 200 ஓவியங்கள் மாட்டப்பட்டன. அப்போதும் பாராட்டு அதிகமில்லை. 1981-ல் லண்டனில் நடந்த புதிய ஓவியங்களின் கண்காட்சியில், பிகாசோவின் கடைசிக்கால ஓவியங்களும் இளம் ஓவியர்களின் படைப்புகளோடு சேர்ந்து இடம்பெற்றன. பிறகுதான் பலரும் அவற்றைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நூலகத்தில் பிகாசோ புத்தகம் கிடைத்தால், அந்த மஸ்கடியர் வீரர்களைத் தேடுங்கள். முகத்தைக் கையால் மறைத்துவிட்டு, விரல்களை மட்டும் பாருங்கள். அவை விரல்களா, வெண்டைக்காய்களா?