கல்லுக்குள் கருவியைக் கண்டவர்கள்

1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையில் உத்தியோகம் வகித்த ராபர்ட் புரூஸ் பூட் என்னும் ஆங்கிலேயர், பல்லாவரத்துச் சரளைமண்ணில் மனிதக் கரத்தால் செதுக்கப்பட்ட கல்லொன்றைக் கண்டெடுத்தார். அதே வருஷம் செப்டம்பரில் அவரும் அவருடைய சகாவான வில்லியம் கிங்கும், திருவள்ளூர்ப் பக்கம் கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கற்களை ஏராளமாகக் கண்டார்கள். பாரத தேசத்தின் கற்கால ஆராய்ச்சி அங்கேதான் பிறந்தது.

அவற்றுள் பிரதானமானவை கைக்கோடரிகள். குவார்ட்சைட் என்னும் கடினமான பாறைத் துண்டை இருபுறமும் மாறி மாறித் தட்டி, ஒரு முனை கூராகவும் மறுமுனை உள்ளங்கைக்கு அடங்குவதாகவும் அமைத்துக்கொள்ளும் இம்முறையை அச்சூலியன் மரபு என்பர். 1999 முதல் அங்கே அகழ்ந்துவந்த சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோரின் குழுவினர், அக்கருவிகளின் வயது குறைந்தபட்சம் பத்து லட்சத்து எழுபதாயிரம், சராசரியாகப் பதினைந்து லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் அண்டவெளிக் கதிர்கள் படும்போது அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் அபூர்வ அணுவகைகள் அதனுள் உண்டாகின்றன. அக்கல் ஆழப் புதைந்துவிட்டாலோ புதியவை உண்டாவது நின்றுபோக, முன்னே உண்டானவற்றுள் அலுமினியம் விரைவாகவும் பெரிலியம் மெதுவாகவும் சிதைந்துவருவதால், எஞ்சியவற்றின் விகிதத்தைக் கொண்டே அது புதையுண்ட காலத்தைக் கணிக்க முடிகிறது.

லட்சக்கணக்கான ஆண்டுகள் ஒரே கருவியைச் செய்துகொண்டிருந்தவர்களை மந்தபுத்தியுள்ளவர்கள் என்று எண்ணுவது நியாயமன்று. இருபுறமும் சமனாக வருமாறு ஒரு கல்லைத் தட்டி முடிப்பதற்குக் கையின் நிதானமும் கண்ணின் கணிப்பும் எவ்வளவு வேண்டும் என்பதை, ஒரு முறையேனும் முயன்று பார்த்தவர் அறிவர்.

ஆயினும், அதன் பின்னர் வந்த மாறுதல் என் மனத்தைப் பெரிதும் கவர்கிறது. கைக்கோடரி செய்பவன் வேண்டாததைக் கழித்து எஞ்சிய கல்லைக் கருவியாகக் கொண்டான். லெவலுவா எனப்படும் பிந்திய முறையைக் கைக்கொண்டவனோ, கருக்கல்லின் விளிம்பைச் சுற்றிலும் தட்டி, அதன் மேற்பரப்பை ஆமையின் முதுகைப் போல் மெல்லக் குவித்து, அடிக்க வேண்டிய இடத்தையும் செம்மை செய்துகொண்டு, முடிவாக ஒரே அடியில், தான் முன்னமே சங்கற்பித்த வடிவமும் கூர்மையும் உடைய சில்லைப் பெயர்த்தெடுத்தான். அதுவரை அடித்த அடிகள் அனைத்தும் இன்னும் பிறவாத ஒரு சில்லின் பொருட்டே அடிக்கப்பட்டவை.

அத்திரம்பாக்கத்தில் இந்த மாறுதல் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே நேர்ந்துவிட்டது என்று அதே குழுவினர் 2018-இல் அறிவித்தார்கள். பெரிய கைக்கோடரிகள் அருகி, சிறிய சில்லுக் கருவிகள் பெருகும் போக்கு அங்கே தெளிவாகப் புலப்படுகிறது. ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் ஆண்டுகளுக்கு முன்போ அதற்குப் பின்போ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நவீன மனிதரே இம்முறையை இங்குக் கொணர்ந்தனர் என்னும் அபிப்பிராயம், இக்கால நிர்ணயத்தால் பெரிதும் ஆட்டங்கண்டிருக்கிறது.

செய்தவர் யார் என்று சொல்ல அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே நிபுணர்கள் கல்லையே சாட்சியாக வைத்து, சில்லுகள் பெயர்ந்த வடுக்களில் ஒன்றின் விளிம்பை மற்றொன்று வெட்டிச் செல்லும் இடங்களைக் கூர்ந்து பார்த்து, எந்த அடி முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்திவருகிறார்கள்.