கார்டமம் ஊரில் ஒரு கார்டு!

எங்கள் ஊர் போடிநாயக்கனூரில் "கார்டு..." என்று ஒருத்தர் ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் "...மம்" என்று முடித்து வைப்பார். கார்டமம் என்கிற ஏலக்காய்தான் இங்கே எல்லாம். விடிவதற்குள் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுக்குக் கிளம்பிவிடும். 17 கொண்டை ஊசி வளைவு. மேலே பூப்பாறை, சாந்தன்பாறை என்று மலை மலையாக ஏலச்செடி. சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்தால், பேச்சு "இன்னிக்கு ஏலத்துல காய் என்ன விலை?" என்பதில் ஆரம்பித்து அதிலேயே முடியும்.

அப்படிப்பட்ட ஊரில், பி.காம். படித்த ஒருத்தன் கிரெடிட் கார்டு வாங்கி முழித்த கதை இது. அந்த ஒருத்தன் வேறு யாருமில்லை... அடியேன்தான்!

ஓசி டிக்கெட்!

1928-ல் வந்த ரயில் எங்களுக்கு 2010 கடைசியோடு நின்று போனது. அகலப் பாதை போடுகிறோம் என்று தண்டவாளத்தைப் பெயர்த்தவர்கள், பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் திரும்பினார்கள். 2023 ஜூன் 15-ல் சென்னையிலிருந்து போடிக்கே நேராக எக்ஸ்பிரஸ் வந்து நின்றபோது, ஊரே ஸ்டேஷனில் நின்றது.

அந்த வருஷ தீபாவளிக்கு அதே ரயிலில் ஏ.சி. பெட்டியிலிருந்து ஸ்டைலாக இறங்கினான் என் சித்தப்பா மகன். கிண்டியில் ஆபீஸ் வேலை.

"ஏ.சி.யா? சம்பளம் ஏறிடுச்சா தம்பி?"

"சம்பளமா! எல்லாம் பாயிண்ட்டுண்ணே. கார்டுல செலவு பண்ணேன், பாயிண்ட் சேர்ந்துச்சு, டிக்கெட் போட்டேன். ஓசி!"

அந்த 'ஓசி' என்ற இரண்டெழுத்து இருக்கிறதே... அதில் விழாத தமிழன் உண்டா? பதினைந்தே நாளில் என் பர்ஸிலும் ஒரு கார்டு. லிமிட் 75,000 ரூபாய். பேங்க் பேர் வேண்டாம், தப்பு என்னுடையது.

யார் வீட்டுப் பணம்?

முதலில் இந்த பாயிண்ட் எங்கிருந்து காய்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். விமான கம்பெனிகள்தான் இதற்கு முன்னோடி. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், அடிக்கடி பறக்கிறவர்களுக்கு மைல் கணக்கில் புள்ளி கொடுக்க ஆரம்பித்தது. பிறகு கார்டு கம்பெனிகளும் அதில் கைகோத்துக்கொண்டன. நம் ஊரில் ரயிலுக்கே கார்டு உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி.யும் எஸ்.பி.ஐ. கார்டும் சேர்ந்து 2020 ஜூலையில் ரூபே கார்டு ஒன்றைக் கொண்டு வந்தபோது, ஏ.சி. டிக்கெட் செலவில் பத்து சதவிகிதம் வரை பாயிண்ட்டாகத் திரும்பும் என்றார்கள். ஒரு பாயிண்ட், ஒரு ரூபாய்.

கொடுக்கிற காசு யாருடையது? நீங்கள் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் ஒன்றரை, இரண்டு சதவிகிதம் கமிஷனாக இழக்கிறார். அதில் ஒரு துணுக்கு உங்களுக்கு பாயிண்ட்டாக வருகிறது. அது ஒரு பங்குதான். இன்னொரு பங்கை, பில்லை முழுசாகக் கட்டாமல் வட்டி அழுகிறவர்கள் கொடுக்கிறார்கள். தம்பி ஏ.சி.யில் ஓசியில் வந்தான் என்றால், எங்கேயோ ஒரு அண்ணன் வட்டி கட்டியிருக்கிறான் என்று அர்த்தம்.

அடுத்த அண்ணன் நான்!

'இன்னும் கொஞ்சம் செலவு செய்தால் 1,200 போனஸ் பாயிண்ட்' என்று போனில் ஒரு செய்தி. இருக்கிற மிக்ஸியை மாற்றினேன். ஓடிக்கொண்டிருந்த போனை மாற்றினேன். மச்சினனுக்குக்கூட ஒரு ஷூ! பில் 60,000 ரூபாய். நூற்றுக்கு ஒன்று வீதம் 600 பாயிண்ட், போனஸ் 1,200. ஆக 1,800 ரூபாய் 'லாபம்'. வீட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

பில்லில் இரண்டு தொகை இருந்தது. மொத்தம் 60,000. குறைந்தபட்சம் 3,000. 'அட, மூவாயிரம் போதுமாமே!' என்று பெருந்தன்மையோடு கட்டினேன். பி.காம். என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

மாதம் 3.5 சதவிகித வட்டி. கேட்க ஏதோ மூன்றரை ரூபாய் வட்டி மாதிரி சாதுவாக இருக்கும். வருஷத்துக்கு 42! அறுபதாயிரத்துக்கு மாதம் 2,100 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 378 ரூபாய். மொத்தம் 2,478. மாங்கு மாங்கென்று சேர்த்த 1,800 முதல் மாதமே காலி! இன்னொரு வெடியும் உண்டு. பாக்கி வைத்துவிட்டால், புதிதாக வாங்குகிற பொருளுக்கும் அந்த 'வட்டியில்லா நாட்கள்' கிடையாது. வாங்கிய தேதியிலிருந்தே மீட்டர் ஓடும்.

நாலு மாதத்தில் பன்னிரண்டாயிரம் கட்டினேன். வட்டியும் வரியும் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. அசலில் குறைந்தது மூவாயிரம்கூட இல்லை.

அம்மாவின் கண்

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. மதுரையில் ஆபரேஷனுக்கு முப்பதாயிரம் சொன்னார்கள். 'கார்டு இருக்கே' என்று தைரியமாகப் போய் நீட்டினேன். இயந்திரம் "மாட்டேன்" என்றது. இரண்டாவது தடவையும் "மாட்டேன்". லிமிட்டில்தான் மிக்ஸியும் ஷூவும் உட்கார்ந்திருக்கிறதே!

"என்னப்பா, ஏதும் சிக்கலா?" என்றார் அம்மா, குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி. "ஒண்ணுமில்லம்மா, மிஷின் கோளாறு" என்றேன். கோளாறு மிஷினில் இல்லை.

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. இரண்டு கையிலிருந்தும் வளையலைக் கழற்றி ஒரு கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நகைக்கடனுக்கு பேங்கில் கேட்ட வட்டி வருஷத்துக்குப் பத்து சதவிகிதத்தை ஒட்டி. அப்போதுதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். எழுந்து உட்கார்ந்தது. ஆபரேஷனுக்கு மட்டும் எடுக்கவில்லை. கார்டு பாக்கிக்கும் சேர்த்து எடுத்து, 42 சதவிகிதக் கடனை ஒரே நாளில் அடைத்தேன். பத்து சதவிகிதக் கடனை பதினோரு மாதத்தில் மூச்சு வாங்காமல் கட்டி வளையலை மீட்டேன்.

மாமா சொன்ன பாடம்

பாடம் எனக்கு பேங்கில் கிடைக்கவில்லை. ஏலக்காய் வியாபாரம் செய்யும் தாய்மாமனிடம் கிடைத்தது.

"மாப்ள, பச்சை நிறம் இருக்கும்போதே காயைத் தள்ளிவிடணும். வெச்சிருந்தா நிறம் போகும், விலையும் போகும். 2019 ஆகஸ்ட்ல கிலோ ஏழாயிரத்தைத் தொட்டுச்சே, பத்தாயிரம் வரும்னு பதுக்கினவன் கதி என்னாச்சு? மூணே வருஷத்துல ஆயிரத்துக்குக் கீழே பார்த்தோம்!"

பாயிண்ட்டும் அப்படித்தான். அதற்கு வட்டி வராது. மதிப்பு மட்டும் குறையும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது, மைல் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு மைல் இருந்தது, விமானம் இல்லை! (அந்த மைல்கள் பிறகு 'இன்டர்மைல்ஸ்' என்று பேர் மாறி வேறு வழியில் செலவாயின.)

ஆகவே, ஆபீஸ் போகும் தம்பிகளே, சூடுபட்டவன் சொல்கிறேன்:

* ஆட்டோ டெபிட் போடும்போது 'மொத்தத் தொகை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'குறைந்தபட்சம்' என்பது சலுகை அல்ல, தூண்டில்.

* ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை காசு என்று கேளுங்கள். சில கார்டில் ஒரு ரூபாய், சிலதில் இருபத்தைந்து காசு. அதே பாயிண்ட் ஃபிளாஸ்க், சூட்கேஸ் என்று வாங்கினால் பெரும்பாலும் குறைவாகவும், டிக்கெட்டாக எடுத்தால் கூடுதலாகவும் பெறும்.

* வருஷக் கட்டணத்தைக் கழித்துப் பாருங்கள். கட்டணம் 500 என்றால் வரியோடு 590. பத்து சதவிகிதம் திரும்பும் கார்டிலேயே 5,900 ரூபாய்க்கு டிக்கெட் எடுத்த பிறகுதான் லாபம் ஆரம்பம். பஸ்ஸில் ஊருக்கு வருகிறவருக்கு அந்தக் கார்டு எதற்கு?

* "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும் சார்" என்று கடைக்காரர் சொன்னால், ரொக்கத்தைக் கொடுங்கள். ஒரு ரூபாய் பாயிண்ட்டுக்கு இரண்டு ரூபாய் எதற்கு?

* பெட்ரோல், வாடகை, பெட்டிக்கடை க்யூ.ஆர். என்று பலவற்றுக்கு பாயிண்ட் இல்லாமலோ குறைவாகவோ இருக்கலாம். விதிகளை ஒரு தடவையாவது படியுங்கள்.

* ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைச் சொருகிப் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள். அன்றே வட்டி, கூடவே கட்டணம்.

* வேண்டாம் என்றால் மூடிவிடுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ம் வருஷ உத்தரவு.

* ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்னதாகத்தான். தீபாவளி டிக்கெட் பாயிண்ட்டில் வேண்டுமென்றால், காலண்டரில் இன்றே வட்டம் போடுங்கள்!

கார்டை நான் தூக்கிப் போடவில்லை. மளிகை, கரண்ட் பில், போன் பில் என்று எப்படியும் செய்கிற செலவு மட்டும் அதில். பில் வந்த மறுநாளே முழுசும் கட்டிவிடுவேன். பாயிண்ட் ஆமை வேகத்தில் ஏறியது. இந்த வருஷம் சென்னையில் பெரியம்மா வீட்டுக்கு அம்மாவை ஏ.சி.யில் கூட்டிப்போய் வந்தேன். போக டிக்கெட் கைக்காசு. திரும்பி வர பாயிண்ட்.

திரும்பும்போது உசிலம்பட்டி தாண்டி நன்றாக விடிந்துவிட்டது. அம்மா ஜன்னலோரம். ஆண்டிபட்டிக் கணவாய் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "ஏப்பா, அந்தப் பாறை மேல ஆடு மேயுது பாரு" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

"இந்த டிக்கெட் என்ன விலைப்பா?"

"ஓசிம்மா" என்று சொல்ல வாய் வந்தது. எதிர் சீட்டில் என் மனைவி வளையலை மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்!