இரட்டைக் கண்ணாடிச் சாளர அடைப்புப் பழுது

இரட்டைக் கண்ணாடிச் சாளரத்தில் இரு தகடுகளுக்கு இடைப்பட்ட வெளியை மூடியிருக்கும் ஓரப் பசை பிடிப்பிழந்து, வெளிக்காற்றும் ஈராவியும் உட்புகுவது அடைப்புப் பழுது எனப்படும். எப்பக்கம் துடைத்தாலும் போகாத மூட்டம் கண்ணாடிகளின் நடுவே தோன்றுவது இதன் அடையாளம் ஆகும். வட அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய குளிர்ப் பகுதிகளின் வீடுகளில் இது பரவலாகக் காணப்படுகிறது.

அமைப்பு

இரு கண்ணாடிகளை இடைவெளி விட்டு மூடிப் பொருத்தும் முறைக்கு 1865 இல் தாமசு இசுடெட்சன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இதில் வெப்பத்தைத் தடுப்பது கண்ணாடியைவிட நடுவில் அடைபட்டுள்ள வளிமமே. தற்போது காற்றைவிடக் குறைவாக வெப்பங்கடத்தும் ஆர்கான் பெரும்பாலும் நிரப்பப்படுகிறது. இடைவெளியை நோக்கிய ஒரு கண்ணாடிப் பரப்பில் வெள்ளி சேர்ந்த மெல்லிய படலம் பூசப்பட்டு, அறையின் வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்புகிறது. ஓரத்திலுள்ள உள்ளீடற்ற இடைச்சட்டத்தினுள் ஈரம் உறிஞ்சும் சியோலைட்டு மணிகள் இருக்கும். சட்டத்தைக் கண்ணாடியுடன் ஒட்டும் பியூட்டைல் பசை ஈராவியைத் தடுக்கிறது. அதற்கு வெளியே இடப்படும் பாலிசல்பைடு அல்லது சிலிக்கோன் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது.

பழுதாகும் விதம்

வெயிலில் வளிமம் விரிந்து இரவில் சுருங்குவதால் தகடுகள் நாள்தோறும் சிறிதளவு வளைந்து நிமிர்கின்றன. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு இழுபடும் பசை மெல்ல விட்டுக்கொடுக்கிறது. சட்டத்தின் அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபட்டு, பசை நீரில் ஊறுவது இதனை விரைவுபடுத்தும். புகும் ஈரத்தை முதலில் மணிகள் உறிஞ்சிக்கொள்ளும். அவை நிறைந்த பின்னரே மூட்டம் தெரியும். எனவே கண்ணுக்குப் புலப்படும்போது பழுது நெடுநாட்கள் முன்பே தொடங்கியிருக்கும்.

அறைப்பக்கத்தில் படியும் நீர்த்துளிகள் இப்பழுதைக் குறிப்பதில்லை. அறையில் ஈரப்பதம் மிகுதி என்பதையே அவை காட்டுகின்றன. வெளிப்பக்கத்தில் விடியலில் படியும் பனியோ, வெப்பம் வெளியே கசியவில்லை என்பதற்கான நற்சான்று.

ஆற்றல் இழப்பு

ஒரு சதுர மீட்டர் பரப்பில், ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டிற்கு எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பது யு-மதிப்பு ஆகும். ஒற்றைக் கண்ணாடிக்கு இது ஏறத்தாழ 5.8, படலமும் ஆர்கானும் கொண்ட நல்ல இரட்டைக் கண்ணாடிக்கு 1.1. ஆர்கான் முழுவதும் வெளியேறிக் காற்று நிறைந்தால் இது 1.4 ஆகும். 1.5 சதுர மீட்டர் சாளரத்தில், உள்ளும் புறமும் 25 பாகை வேறுபாடு இருக்கும்போது, கூடுதல் இழப்பு ஏறத்தாழ 11 வாட் மட்டுமே. ஒரு சிறிய எல்.இ.டி விளக்கின் அளவு.

ஆனால் ஈரம் நெடுங்காலம் தங்கினால் வெள்ளிப் படலம் அரிக்கப்படும். படலம் முற்றிலும் பயனிழந்தால் மதிப்பு 2.8 அளவுக்கு உயர்ந்து, அதே சாளரத்தின் கூடுதல் இழப்பு 60 வாட்டைத் தாண்டும். பெரிய இழப்பு இங்குதான் நேர்கிறது. அப்போதும் அது ஒற்றைக் கண்ணாடியைவிட மேலானதே.

பழுதுநீக்கல்

கண்ணாடியில் துளையிட்டு ஈரத்தை உலர்த்தும் முறை பார்வையைத் தெளிவாக்கும். ஆர்கானையோ அரிக்கப்பட்ட படலத்தையோ மீட்காது. மரச்சட்டமோ பிவிசி சட்டமோ நல்ல நிலையில் இருந்தால், முழுச் சாளரத்தையும் மாற்றாமல் கண்ணாடி அலகை மட்டும் மாற்றுவது செலவு குறைந்த வழியாகும். வடிகால் துளைகளை அப்போதே தூய்மை செய்யாவிடில் புதிய அலகும் அதே நீரில் ஊறும். இடைச்சட்டத்தில் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. உத்தரவாதக் காலம் எஞ்சியுள்ளதா என்பதை அதைக்கொண்டு அறியலாம்.