கனவொளி தரும் படங்கள்

பூண்டுலோயாப் பள்ளத்தாக்கிலே பனி இறங்கும் வேளையில் டன்சினன் நீர்வீழ்ச்சியை நோக்குபவர் ஒரு வேறுபாட்டைக் காணக்கூடும். அருகிலுள்ள தேயிலைச் செடியின் இலை நரம்பு வரையில் தெளிவாகத் தெரியும். அதற்கப்பால் நிற்கும் நிழல்மரம் சற்றே வெளிறியிருக்கும். நீர்வீழ்ச்சியோ வெள்ளொளியின் கசிவாகவே தோன்றும். காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியை நாற்புறமும் சிதறச் செய்வதனால் உண்டாகும் தோற்றம் இது. வெயிலில் எடுத்த படத்துக்கும் இத்தகைய மென்மையைக் கணினியின் துணைகொண்டு இக்காலத்தில் ஏற்றிவிடுகின்றனர். கலியாணப் படங்களில் மணமகளின் முகத்தைச் சுற்றி மெல்லொளி பரவியிருப்பதை நேயர் பலரும் கண்டிருப்பர்.

இதனை மங்கற் படம் என்று கருதுதல் தவறு. மங்கலான படத்தில் கோடுகளே இரா. மென்மையொளிப் படத்திலோ கூர்மையான உருவமும் இருக்கும். அதன்மீது, விளக்கைச் சூழ்ந்த ஒளிவட்டம் போல, பரவிய இன்னோர் உருவமும் படிந்திருக்கும். கண்ணானது முன்னதைப் பற்றிக்கொண்டு பின்னதை ஒளியாக உணர்கிறது. இவ்விரண்டில் எது குறைந்தாலும் கனவுத் தோற்றம் கைகூடாது.

இக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர் நமது மலைநாட்டு மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதைப் பலர் அறியார். 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரே அவர். கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்று இலங்கைப் பாடநூல்கள் கூறும் பெயரிலே உள்ள சார்ள்ஸ் ஹே கமரன் இவருடைய கணவர். அம்மையாருக்கு 48 வயதானபோது, 1863இல், மகளும் மருமகனும் ஒரு படக்கருவியைப் பரிசளித்தனர். அக்காலத்துக் கண்ணாடித் தகடு நீல ஒளிக்கே பெரிதும் இணங்குவது. மனிதக் கண்ணோ மஞ்சள் ஒளியிலேதான் கூர்மை பார்க்கிறது. வில்லையிலே நிறப்பிழை இருந்தமையால் கண் கண்ட கூர்மை தகட்டில் விழாது சற்று விலகியது. அதனோடு, படம் பதிவதற்குச் சில நிமிடங்கள் சென்றன; அதுவரை அசையாதிருக்க எவரால் முடியும்? இவ்வாறு நேர்ந்த மென்மையை அம்மையார் குறையென்று ஒதுக்கவில்லை. வில்லையை மேலும் திருகிக் கூர்மை தேடாமல், கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திக்கொண்டதாக அவரே எழுதியுள்ளார். இலண்டன் புகைப்படச் சங்கத்தார் இகழ்ந்தனர். எது முறையான கூர்மை என்று விதிக்கும் உரிமை யாருக்கு உண்டு என வானியலறிஞர் ஜோன் ஹேர்ஷலுக்குக் கடிதமெழுதிக் கேட்டார் அம்மையார்.

கமரன் குடும்பத்தினர் 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறினர். இங்கே அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றிலே தோட்டத்தில் உழைத்த தமிழ் மக்களின் உருவங்களும் உள்ளன. 1877இல் களுத்துறைக்கு வந்து அவருடன் தங்கிய ஓவியர் மரியன் நார்த் ஒரு செய்தியைக் குறித்து வைத்திருக்கிறார்: ஒருவனுடைய முதுகின் அழகைக் கண்டு வியந்த அம்மையார், தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவனைத் தோட்டக்காரனாக அமர்த்தும்படி மகனிடம் பிடிவாதம் செய்தாராம்! அவர் 1879 ஜனவரியில் டிக்கோயாவைச் சார்ந்த கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் தேவாலய வளவில் அவருடைய கல்லறை இருக்கிறது.

பிற்காலத்தார் வில்லையின் முன்னே மெல்லிய வலைத்துணியைக் கட்டியும், கண்ணாடியில் வசிலீன் தடவியும் இவ்விளைவைப் பெற்றனர். 1980களில் மைக்கல் ஓட்டன் என்னும் கனடா நாட்டுப் படக்கலைஞர் இரண்டு ஒளிச்சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். ஒன்று கூர்மையானது, மற்றையது மங்கலானது. அடுக்கும்போது படம் இருண்டுவிடும் ஆதலால் இரண்டையும் வேண்டுமென்றே அதிக ஒளியில் எடுத்தார்.

கணினியிற் செய்வதும் ஏறக்குறைய இதுவே. போட்டோஷாப்பிலோ, விலையின்றிக் கிடைக்கும் கிம்ப் செயலியிலோ படத்தைத் திறந்து, அதன் பிரதியொன்றை மேலடுக்காக வைக்கவேண்டும். அப்பிரதிக்குக் கௌசியன் மங்கல் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் அயற்புள்ளிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் கணக்கு இது. கௌஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதையின் பெயரைத் தாங்கியது. படத்தின் அகலம் 4,000 புள்ளியாயின் 20 முதல் 40 புள்ளி ஆரம் போதும். சிறிய படத்துக்கு அதே அளவைக் கொடுத்தால் முகமே கரைந்துபோகும். பின்னர் மேலடுக்கின் கலப்பு முறையை ‘ஸ்கிரீன்’ என மாற்றி, அதன் அடர்த்தியைப் பாதிக்கும் கீழே இறக்கினால் மெல்லொளி பிறக்கும்.

ஸ்கிரீன் என்ற அக்கலப்பு எப்போதும் ஒளியைக் கூட்டுவது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்று வைத்தால், 50 உள்ள இடம் முழு அடர்த்தியில் 90 ஆகிறது. 128 உள்ளது 192 ஆகிறது. 220 உள்ளதோ 250ஐத் தொட்டு வெறும் வெள்ளையாய் விடுகிறது. பூண்டுலோயாவில் பனி நாளிலே எடுத்த படத்துக்கு இம்முறை உதவாமைக்குக் காரணம் இதுவே. வானமும் அருவியும் முன்னரே வெளிறியுள்ளன. இன்னும் ஒளி ஏற்றினால் எழுதாத தாள்தான் மிஞ்சும். அத்தகைய படத்துக்கு, இருண்டதை இருட்டியும் ஒளியுள்ளதைச் சற்றே உயர்த்தியும் தரும் ‘சொஃப்ட் லைட்’ கலப்பே ஏற்றது.

இயற்கைப் பனிக்கும் கணினிப் பனிக்கும் இன்னொரு பேதமுண்டு. பனி தூரத்தை அறியும், கணினி அறியாது. மலைக்குக் கொடுத்த அதே மங்கலை அது முன்னிற்கும் கொழுந்துக் கூடைக்கும் கொடுத்துவிடும். ஆகவே மேலடுக்குக்கு ஒரு மறைப்பு இட்டு, முன்புறத்தில் கறுப்பும் தூரத்தில் வெள்ளையுமாகப் படிப்படியே தீட்டவேண்டும். கறுத்த இடத்தில் விளைவு மறையும். இவ்வேலையைச் செய்யாத படங்கள் பார்த்தவுடனே போலியெனத் தெரிந்துவிடுகின்றன.

முகங்களின் விடயம் இன்னும் நுட்பமானது. கைத்தொலைபேசிச் செயலிகள் ஒரே தொடுகையில் முகத்தை மழுமழுப்பாக்கித் தருகின்றன. முப்பது ஆண்டு கொழுந்தெடுத்த தாயொருத்தியின் படத்தை மகன் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட விரும்புகிறான் என்று கொள்வோம். கூடைக்கயிறு நெற்றியில் அழுத்திய தடமும், வெயிலும் மழையும் கீறிய கோடுகளும் அச்செயலியால் துடைக்கப்பட்டுவிடும். சுவரில் மாட்டப்படுவது வேறொருத்தியின் படம். ஒழுகும் கூரையுடைய லயத்தையும் இவ்வொளி சொர்க்கமாக்கிவிடும். மலைநாட்டைப் பற்றிய விளம்பரப் படங்கள் பலவற்றில் இதைக் காணலாம். கமரன் அம்மையாரின் படங்களிலோ முதியோரின் சுருக்கங்கள் மறையவில்லை. 1867இல் அவர் எடுத்த ஹேர்ஷலின் முகத்தில் தலைமயிர் ஒளியாய்ச் சிதறியிருக்க, கண்களும் நெற்றிக்கோடுகளும் அப்படியே நிற்கின்றன.

எனவே தாயின் படத்துக்கு மென்மை ஏற்றுபவர், கண், வாய், நெற்றி, கை ஆகிய இடங்களில் மறைப்பைக் கறுப்பாகத் தீட்டி, பின்னணிக்கும் ஆடையின் ஓரத்துக்கும் மட்டும் ஒளியை விடுவது நன்று. அடர்த்தி 30 விழுக்காட்டுக்கு மேற்படவேண்டியதில்லை. வேலை முடிந்ததும் அடுக்குகளைக் கலைத்து ஒன்றாக்காமல், மூலப்படத்தையும் தனியே சேமித்து வைக்கவேண்டும். மேலடுக்கை எந்நாளிலும் நீக்கிக்கொள்ளலாம். கண்ணாடித் தகட்டிலே பதித்த கமரன் அம்மையாருக்கு அந்த வசதி கிடைத்ததில்லை.