உங்களுக்குத் தெரியுமா? கூரை போட்ட பாலங்கள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கிறது மாடிசன் கவுன்டி. வீட்டைப் போலச் சுவரும் கூரையும் வைத்துக் கட்டிய மரப்பாலங்களுக்குப் பேர்போன இடம். ஒரு காலத்தில் 19 இருந்தன, இன்று 6. கூரை, மழைக்கு ஒதுங்குகிறவர்களுக்காகப் போட்டதல்ல. அடியில் உள்ள பெரிய தளமரங்கள் நனைந்து உளுத்தால் மாற்றுவதற்குச் செலவு அதிகம். மேலே பலகை போனால் கொஞ்சக் காசில் முடியும். எல்லாம் சிக்கனக் கணக்குதான்!

1883இல் கட்டிய ரோஸ்மன், 122 அடி நீளமுள்ள ஹாலிவெல் உள்ளிட்ட பாலங்கள் 1976இல் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் ஏறின. 1995இல் வந்த கிளின்ட் ஈஸ்ட்வுட் படத்தில் ரோஸ்மனைப் பார்க்கலாம்.

பதிவேட்டில் ஏறிவிட்டால் யாரும் கைவைக்க முடியாது என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. இந்தப் பதிவேட்டுக்கு அடிப்படையான 1966ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்து நிறுத்துவது, மத்திய அரசின் பணமோ அனுமதியோ கலந்த வேலைகளை மட்டுமே. அதையும் ஒருமுறை யோசிக்கச் சொல்லும், அவ்வளவுதான். தனியார் தன் கட்டடத்தைச் சொந்தக் காசில் இடித்தால், உள்ளூர்ச் சட்டம்தான் தடுக்க வேண்டும்.

தீ வைப்பவர்களோ எந்தச் சட்டத்தையும் பார்ப்பதில்லை. மாடிசன் கவுன்டியில் கார் ஓட்டிப் போகக்கூடியதாக இருந்த சீடர் பாலத்தை 2002இல் கொளுத்தினார்கள். பழைய வரைபடத்தை எடுத்து 2004இல் திரும்பக் கட்டினார்கள். 2017இல் மறுபடியும் தீ. 2019இல் மறுபடியும் பாலம்.